டொயோட்டா கதை சொன்னது, சுபாரு கார் செய்தது

ஜப்பானில் டோக்கியோவுக்கு வடமேற்கே குன்மா என்று ஒரு மாகாணம். மலைகளும் வெந்நீர் ஊற்றுகளுமான பூமி. அங்கே ஓட்டா என்கிற ஊரில் சுபாருவின் தொழிற்சாலை இருக்கிறது. 2012 தொடக்கத்திலிருந்து அங்கே ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் தயாராகிறது. இரண்டு கதவு, முன்னால் இன்ஜின், பின்சக்கர இயக்கம், எடை ஏறத்தாழ 1,200 கிலோ. அதே வரிசையில் வெளியே வரும்போது சில கார்களின் மூக்கில் டொயோட்டா முத்திரை, சிலவற்றில் சுபாரு முத்திரை. அது 86. இது பிஆர்இசட்.

கூரை ஒன்று. கதவுகள் ஒன்று. இன்ஜின், கியர்பாக்ஸ், கண்ணாடி எல்லாம் ஒன்று. முன் பம்பர், ஹெட்லைட், இருக்கைத் துணி, ஸ்பிரிங்கின் விறைப்பு, இப்படிச் சில இடங்களில்தான் வித்தியாசம். ஆனால் இரண்டு கம்பெனிகளும் வெளியிட்ட விளம்பரங்களையும் கையேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இவை சம்பந்தமே இல்லாத இரண்டு வண்டிகள் என்று சத்தியம் செய்யலாம். கார் கையேடுகளைப் படிப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். வாங்கப்போவதில்லை என்று தெரிந்த காரின் கையேட்டைத்தான் இன்னும் ஆசையாகப் படிப்பேன். இந்த இரண்டுமே இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்ததில்லை என்பதால் ஆசைக்கு எல்லையே இல்லை.

இது எப்படி ஆரம்பித்தது என்று பார்த்தால் காதல் கல்யாணம் இல்லை. பங்குச் சந்தை சமாசாரம். சுபாரு கார்களைச் செய்துவந்த ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு 20 சதவீதப் பங்கு இருந்தது. கையில் காசு குறைந்தபோது அது விற்க வந்தது. 2005இல் டொயோட்டா அதிலிருந்து 8.7 சதவீதத்தை வாங்கிக்கொண்டது. பிறகு 2008இல் அது 16.5 ஆனது. பங்கு வாங்கியாயிற்று, சேர்ந்து எதையாவது செய்ய வேண்டுமே?

அதே நேரத்தில் டொயோட்டாவுக்கு வேறொரு தலைவலி. காசு கொட்டுகிறது, பிரியஸ் ஹைப்ரிட் புகழ் பெறுகிறது, ஆனால் கம்பெனியைப் பற்றி யாராவது பேசினால் கொட்டாவி வருகிறது. ஸ்போர்ட்ஸ் கார்களில் சுப்ரா 2002இல் நின்றுபோனது, செலிகா 2006இல், எம்ஆர்-எஸ் 2007இல். வீட்டுக்கு ஏற்ற, பழுதாகாத, மனதில் பதியாத கார் செய்யும் கம்பெனி என்று பெயர் விழுந்துவிட்டது. 2007இல் மேலிடம் ஒரு முடிவெடுத்து, அதுவரை மினிவேன் மாதிரியான குடும்ப வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டெட்சுயா டாடா என்ற பொறியாளரைக் கூப்பிட்டு, விலை குறைவான ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் செய் என்றது. (நம்மூர் டாடாவுக்கும் இவருக்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான்.)

சுபாருக்காரர்களுக்கு ஆரம்பத்தில் இதில் பெரிய ஈடுபாடு இல்லை. காரணம் நியாயமானது. சுபாரு என்றாலே நான்கு சக்கரங்களுக்கும் விசை போக வேண்டும். பனியிலும் சேற்றிலும் வழுக்காமல் போவதுதான் அவர்கள் முப்பது நாற்பது வருடமாகச் சேர்த்த பெயர். அவர்களிடம் போய், வேண்டுமென்றே பின்பக்கம் வழுக்குகிற கார் செய்யலாம் வாருங்கள் என்றால்? டாடாவின் ஆட்கள் சுபாருவின் லெகஸி காரையே வெட்டிக் குறுக்கி, முன்சக்கர விசையைக் கழற்றி, ஒரு மாதிரி வண்டி செய்து ஓட்டக் கொடுத்த பிறகுதான் எதிரணி முகத்தில் சிரிப்பு வந்ததாகச் சொல்வார்கள்.

வேலைப் பங்கீடு சுருக்கமாக இதுதான்: என்ன மாதிரி கார், எப்படித் தோன்ற வேண்டும் என்பது டொயோட்டா, அதைப் பொறியியலாக்கித் தயாரிப்பது சுபாரு. இன்ஜின் சுபாருவின் பாக்ஸர், அதாவது பிஸ்டன்கள் இரண்டு பக்கமும் படுத்தவாக்கில் வேலை செய்யும் வகை. அதன் மேல் டொயோட்டா தன் டி-4எஸ் எரிபொருள் தெளிப்பு நுட்பத்தைக் கொடுத்தது. அதை வெளியாருக்குக் கொடுப்பதற்கு டொயோட்டாவுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. கடைசியில் 2 லிட்டர், 200 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 7,000 சுற்றில். டர்போ இல்லை.

சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தூரமும் 86 மில்லிமீட்டர். சுபாருவின் பார்வையில் அது ஓர் இன்ஜின் அளவு, அவ்வளவுதான். டொயோட்டாவின் விளம்பரத் துறைக்கு அது வானத்திலிருந்து விழுந்த புதையல்.

ஏனென்றால் டொயோட்டாவிடம் ஏற்கெனவே ஓர் எண்பத்தாறு இருந்தது. 1983இலிருந்து 1987 வரை விற்ற கொரோல்லா லெவின், ஸ்ப்ரிண்டர் ட்ரூயெனோ கார்களின் உள்குறியீடு ஏஇ86. அந்தக் காலத்தில் மற்ற கொரோல்லாக்கள் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிக்கொண்டிருந்தபோது, இது ஒன்று மட்டும் பழைய பாணியில் பின்சக்கர இயக்கத்தோடு நின்றது. 1.6 லிட்டர் இன்ஜின், லேசான உடம்பு, கம்மி விலை. மலைப்பாதையில் பின்பக்கத்தை வீசி வீசி ஓட்டும் இளைஞர்களுக்கு அது வாகாக அமைந்தது. கெய்ச்சி சுச்சியா என்ற பந்தய வீரர் அதை ஓட்டியே பேர் வாங்கினார். பிறகு 1995இல் ஷுயிச்சி ஷிகெனோ 'இனிஷியல் டி' என்ற காமிக்ஸை ஆரம்பித்தார். அப்பாவின் டோஃபு கடைக்காக விடிகாலையில் மலை ஏறி இறங்கும் டகுமி என்ற பையன், ஓட்டை ஏஇ86ஐ வைத்துக்கொண்டு பெரிய பெரிய கார்களை மலைச்சரிவில் தோற்கடிக்கும் கதை. 2013 வரை வந்தது. அனிமே ஆகி ஆசியா முழுக்கப் பரவியது. ஓர் எளிய கொரோல்லா அதனால் புராண வாகனம் ஆகிவிட்டது.

இப்போது நடந்ததைக் கவனியுங்கள். 2009 டோக்கியோ கண்காட்சியில் டொயோட்டா காட்டிய மாதிரிக் காருக்கே பெயர் எஃப்டி-86. கார் முழுதாக முடிவதற்கு முன்பே கதை தயாராகிவிட்டது. 2011 கடைசியில் விற்பனை வடிவம் வந்தபோது ஜப்பானில் அதன் பெயர் வெறும் '86'. பக்கவாட்டில் ஒரு சின்னம், எதிரெதிர் பிஸ்டன்களுக்கு நடுவே 86 என்று. பழைய ஏஇ86இன் இன்ஜினில் சிலிண்டர்கள் நிமிர்ந்து வரிசையாக நிற்கும். பாக்ஸருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதனால் என்ன? பாக்ஸருக்கும் டொயோட்டா ஒரு பூர்வீகம் கண்டுபிடித்தது. 1965இல் வந்த ஸ்போர்ட்ஸ் 800 என்ற குட்டிக் காரில் இரட்டை சிலிண்டர் பாக்ஸர் இன்ஜின் இருந்தது, ஆகவே இது எங்கள் பரம்பரை! கூடவே 1967இன் 2000ஜிடி காரையும் மூதாதையர் வரிசையில் உட்கார வைத்தார்கள்.

எனக்கு இந்த இடத்தில்தான் சிரிப்பு வரும். அந்த 2000ஜிடி யாமஹாவுடன் சேர்ந்து உருவாக்கியது. யாமஹாதான் தயாரித்தும் கொடுத்தது. ஆக டொயோட்டாவின் குலதெய்வமாக நிற்கும் ஸ்போர்ட்ஸ் காரே கூட்டுத் தயாரிப்பு. வம்ச விருட்சத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தெரிவார்.

இன்னொன்றும் உண்டு. இனிஷியல் டியில் டகுமி ஓட்டும் அகினா மலை கற்பனைப் பெயர். அதன் அசல் ஹருனா மலை. அது இருப்பது குன்மா மாகாணத்தில். ஓட்டா தொழிற்சாலையும் குன்மாவில்தான். டொயோட்டாவின் தலைமையகமோ வெகு தூரத்தில், அய்ச்சியில். டொயோட்டா தன் இதிகாசத்தைச் சுபாருவின் கொல்லைப்புறத்திலிருந்து எடுத்துக்கொண்டது. போதாக்குறைக்கு அந்தக் காமிக்ஸில் டகுமியின் அப்பா பிற்பாடு வாங்குவது ஒரு சுபாரு இம்ப்ரெஸா. சுபாருவின் விளம்பரத் துறையில் யாராவது அந்தப் பக்கங்களைப் படித்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

டொயோட்டா ஜப்பானில் அதோடு நிற்கவில்லை. டீலர்களிடம் 'ஏரியா 86' என்று தனி மூலைகளைத் திறந்தது. ஆர்சி என்று ஒரு ரகம் விற்றது. பெயின்ட் அடிக்காத பம்பர், இரும்புச் சக்கரம், ஏசி கிடையாது, விலை 19,90,000 யென். பந்தயத்துக்கும் தன் கையால் மாற்றியமைக்கவும் வாங்குகிறவர்களுக்கான ரகம். எத்தனை பேர் அதை வாங்கினார்கள் என்பதைவிட, 20 லட்சம் யென்னுக்குக் கீழே 86 என்று சுவரொட்டியில் போட முடிந்தது முக்கியம். சுபாருவும் ஆர்ஏ என்று அதே மாதிரி ஒரு ரகம் வைத்திருந்தது; அதற்கு விலை கொஞ்சம் கூட.

ஆனால் டொயோட்டாவின் அசல் கில்லாடித்தனம் டயரில் இருக்கிறது. முதல் தலைமுறை 86இல் போட்டுக் கொடுத்தது மிஷலின் பிரைமஸி, 215 அகலம், 17 அங்குலம். பிரியஸின் ஒரு ரகத்திலும் வந்த டயர்தான் இது! ஸ்போர்ட்ஸ் காரில் எரிபொருள் சிக்கன ஹைப்ரிட்டின் டயர் என்றால் எந்தக் கம்பெனியும் வாயைத் திறக்காது. டொயோட்டா அதையே கொடியில் ஏற்றியது. டர்போ வேண்டாம், நான்கு சக்கர இயக்கம் வேண்டாம், பிடித்துக்கொள்ளும் பந்தய டயர் வேண்டாம் என்று டாடா திரும்பத் திரும்பச் சொன்னார். பிடிப்பு குறைவான டயர் என்றால் குறைந்த வேகத்திலேயே கார் வழுக்கும். வழுக்கினால் சாதாரண ஓட்டுநருக்கும் காரோடு விளையாட வாய்ப்பு. பத்திரிகைகள் அதை அப்படியே எடுத்து எழுதின. நானும் முதலில் படித்தபோது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று தலையாட்டினேன். இப்போதும் அது நல்ல யோசனைதான் என்றே நினைக்கிறேன். ஆனால் அது மலிவான யோசனையும்கூட என்பதை விளம்பரம் மறக்க வைத்தது பாருங்கள், அதுதான் திறமை.

சுபாருவிலும் அதே டயர். அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை உற்சாகமாகச் சொல்லி நான் படித்ததில்லை.

சொல்லவும் முடியாது. வழுக்குவது இன்பம் என்று சுபாரு எப்படிச் சொல்லும்? மற்ற எல்லா மாடல்களையும் வழுக்காது என்று சொல்லித்தானே விற்கிறார்கள்! ஆகவே சுபாரு வேறு வழி பிடித்தது. அதன் பேச்சு முழுக்கப் பொறியியல். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 460 மில்லிமீட்டர்தான், பாக்ஸர் படுத்திருப்பதால் இது சாத்தியம், ஆகவே கார் வளைவில் சாயாது. பெயரையே பொருள்பட்டியல் மாதிரி வைத்தார்கள்: பாக்ஸர் இன்ஜின், ரியர் வீல் டிரைவ், ஜெனித். முதல் இரண்டு எழுத்தும் பாகங்களின் பெயர், மூன்றாவதுதான் கொஞ்சம் ஆசை. 2011 ஜெனீவா கண்காட்சியில் டொயோட்டா ஜொலிக்கும் எஃப்டி-86 இரண்டாம் மாதிரியை நிறுத்தியிருக்க, சுபாரு கொண்டுவந்து வைத்தது உள்ளே இன்ஜினும் சேஸியும் தெரியும்படியான கட்டமைப்பு மாதிரியை. ஒருவர் கல்யாணக் கோலத்தில், இன்னொருவர் எக்ஸ்-ரே படத்தோடு.

எனக்குச் சுபாருவின் வழி பிடித்திருக்கிறது. ஆனால் அதில் ஒரு தயக்கம் உண்டு. அமெரிக்காவில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. அங்கே சுபாரு 2008இலிருந்து 'அன்பு' என்ற ஒரே சொல்லை வைத்துத்தான் விளம்பரம் செய்கிறது. நாய்கள் வரும், மலை வரும், கூடாரம் வரும், பிள்ளை வளர்ந்து முதல் காரை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போகும். விற்பனை எகிறியது. அந்தக் குடும்பப் படத்தில் நாய் ஏற முடியாத, பின் இருக்கையில் பெரியவர் உட்கார முடியாத, பனியில் தடுமாறுகிற இந்தக் காரை எங்கே நிறுத்துவது? அமெரிக்காவில் அப்போது அவர்கள் விற்ற கார்களில் நான்கு சக்கர இயக்கம் இல்லாதது இது ஒன்றுதான். இன்னொரு பக்கம் இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் ரசிகர்கள்: சுபாரு ஸ்போர்ட்ஸ் கார், ஆனால் டர்போ இல்லையா? பத்து வருடம் இதையே கேட்டார்கள். இன்னமும் கேட்கிறார்கள்.

டொயோட்டாவோ அமெரிக்காவில் தன் சொந்தப் பெயரைக்கூட ஒட்டவில்லை. இளைஞர்களுக்கென்று 2003இல் ஆரம்பித்த சயான் என்ற துணைப் பெயரில், எஃப்ஆர்-எஸ் என்று விற்றது. ஐரோப்பாவில் ஜிடி86, ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் 86, அமெரிக்காவில் எஃப்ஆர்-எஸ். ஒரே காருக்கு மூன்று பெயர் வைத்தால் எண்பத்தாறு என்ற கதை அமெரிக்காவில் பாதி செத்துவிடாதா என்று கேட்கலாம். செத்தது. ஆனால் சயானுக்கு வேறொரு தந்திரம் இருந்தது: ஒரே ரகம், ஒரே விலை, பேரம் கிடையாது. போக்குவரத்துச் செலவு தவிர்த்து 24,200 டாலர். சுபாருவின் ஆரம்ப ரகம் 25,495. அந்த 1,295 டாலர் வித்தியாசத்துக்குச் சுபாரு வழிகாட்டித் திரையும் நல்ல ஹெட்லைட்டும் கொடுத்தது. அதாவது ஒருவர், இந்தா கார், மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்றார். மற்றவர், உட்காருங்கள், வசதியாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

2013இல் அங்கே எஃப்ஆர்-எஸ் 18,000க்கு மேல் விற்றது. பிஆர்இசட் அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. ஜப்பானிலும் ஆரம்ப இலக்கே அப்படித்தான்: டொயோட்டாவுக்கு மாதம் 1,000, சுபாருவுக்கு 450. டீலர் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் சுபாருவுக்கு இது தோல்வியே இல்லை. தொழிற்சாலை அவர்களுடையது என்பதால் எந்த முத்திரையில் விற்றாலும் ஓட்டாவில் வேலை நடக்கும். இந்தக் கூட்டில் யார் சாமர்த்தியசாலி என்று கேட்டால் நான் சுபாருவைக் கைகாட்டுவேன். விளம்பரச் செலவு ஒருவருக்கு, அதில் பாதி வெளிச்சம் இவர்கள் மேலும் விழுகிறது. ஃபுஜி பந்தயத் தடத்தில் வருடா வருடம் நடந்த ரசிகர் கூட்டத்துக்கே பல வருடம் 'ஃபுஜி 86 ஸ்டைல் வித் பிஆர்இசட்' என்றுதான் பெயர் இருந்தது. அந்த 'வித்'தில் சுபாருவின் முழு உத்தியும் அடங்கியிருக்கிறது.

சயான் 2016இல் மூடப்பட்டது. அமெரிக்க எஃப்ஆர்-எஸ் அடுத்த மாடலில் டொயோட்டா 86 ஆனது. நான்கு வருடம் தாமதமாக அங்கேயும் கதை போய்ச் சேர்ந்தது.

நம்மூர்க்காரர்களுக்கு இப்படி முத்திரை மாற்றும் வித்தை புதிதல்ல. ஒரகடத்தில் ஒரே ஆலையில் ரெனோ டஸ்டரும் நிசான் டெரானோவும் தயாரானதைப் பார்த்தவர்கள் நாம். 2013இல் வந்த டெரானோவைக் கொஞ்சம் உயர்ந்த ரகம் என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். மக்கள் மூடிய கண்ணைத் திறந்து பார்த்து டஸ்டரையே வாங்கினார்கள். ஆனால் குடும்ப வண்டியில் முத்திரை மாற்றுவது சுலபம். வாங்குகிறவர் மைலேஜும் சர்வீஸ் சென்டரும் பார்ப்பார். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் வாங்குவதே ஒரு கற்பனையை. அந்தக் கற்பனைக்கு இரண்டு அப்பா இருப்பது தெரிந்தால் சங்கடம்.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க மற்றவர்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். ஃபியட் 124 ஸ்பைடரும் மஸ்தா எம்எக்ஸ்-5உம் ஹிரோஷிமாவில் மஸ்தாவின் ஆலையில் பிறந்தவை. ஃபியட் தன் 1.4 லிட்டர் டர்போ இன்ஜினை இத்தாலியிலிருந்து அனுப்பி, வெளி உடம்பையும் மாற்றி, 1966இன் பழைய 124 ஸ்பைடரின் நினைவை விற்றது. சில வருடங்களில் கடை மூடியாயிற்று. மஸ்தா இன்றும் ஓடுகிறது. டொயோட்டாவும் பிஎம்டபிள்யூவும் சுப்ரா, இசட்4 விஷயத்தில் இன்னும் தெளிவாகப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டும் ஆஸ்திரியாவின் கிராட்ஸில் மாக்னா ஸ்டெயர் ஆலையில் தயாரானவை. சுப்ராவுக்குக் கூரை உண்டு, இசட்4க்கு மடக்குக் கூரை. ஒரே வாடிக்கையாளரிடம் இருவரும் போய் நிற்கவே வேண்டாம். அப்படியும் சுப்ராவின் பானெட்டைத் திறந்தால் பிஎம்டபிள்யூ இன்ஜின். அதை மறைக்க முடியாமல் டொயோட்டா பட்ட பாடு தனிப் பதிவுக்கு விஷயம். அந்தத் திட்டத்துக்கும் தலைமைப் பொறியாளர் அதே டாடாதான்; மனிதருக்குச் சம்பந்தி பேசுவதே தொழிலாகிவிட்டது.

86உம் பிஆர்இசட்டும் மட்டும் இப்படி எதையும் பிரித்துக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் கூரை, இரண்டுக்கும் ஒரே இன்ஜின். மிச்சம் இருந்தது ஸ்பிரிங். முதல் தலைமுறையில் பிஆர்இசட்டுக்கு முன் ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பு. டொயோட்டாவுக்குப் பின்பக்கம் விறைப்பு. அதன் பலன், டொயோட்டாவின் பின்பக்கம் சீக்கிரம் வெளியே எட்டிப் பார்க்கும், சுபாரு கொஞ்சம் அடக்கமாக இருக்கும். பத்திரிகைக்காரர்கள் இதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடி எழுதினார்கள். சாதாரணமாக ஓட்டுகிறவருக்கு மாதக்கணக்கில் தெரியாது.

ஆனால் பத்து வருடம் இரண்டு விதமாக விளம்பரம் செய்துகொண்டே இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? கார் அதற்கேற்ப மாற ஆரம்பிக்கும்.

இரண்டாம் தலைமுறை பிஆர்இசட் 2020 நவம்பரில் வெளியே வந்தது. 2.4 லிட்டர், 235 குதிரைத்திறன், நடுச்சுற்றில் இழுவிசையில் இருந்த பழைய பள்ளம் போயே போச்சு. டொயோட்டாவின் கார் 2021 ஏப்ரலில் காட்டப்பட்டது. இந்த முறை பெயர் உலகம் முழுக்க ஒன்றே: ஜிஆர்86. இடைப்பட்ட காலத்தில் டொயோட்டா, காஸூ ரேசிங் என்ற தன் பந்தயப் பிரிவின் பெயரில் ஜிஆர் என்ற தனி அடையாளத்தையே உருவாக்கிவிட்டது. டொயோட்டாவின் அப்போதைய தலைமை நிர்வாகி அகியோ டொயோடா, மொரிஸோ என்ற புனைபெயரில் தானே பந்தயத்தில் ஓட்டுகிறவர். அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது: ஜிஆர் என்று முத்திரை குத்தினால் அது பிஆர்இசட் போல ஓடக்கூடாது. வேலை கிட்டத்தட்ட முடிந்த கட்டத்தில் மறுபடி மாற்றச் சொன்னார். ஜப்பானில் பிஆர்இசட் 2021 கோடையில் விற்பனைக்குப் போக, ஜிஆர்86 அக்டோபர் கடைசி வரை காத்திருந்தது.

மாற்றியது ஸ்பிரிங்கை மட்டுமல்ல. முன்சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், பிஆர்இசட்டில் அலுமினியம், ஜிஆர்86இல் வார்ப்பிரும்பு. ஸ்டெபிலைசர் பார் ஒன்றில் ஒரு மாதிரி, மற்றதில் வேறு மாதிரி. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் பதில் சொல்லும் விதமும் வேறு. வார்ப்பிரும்பு எடை கூடியது, பார்க்கப்போனால் பின்வாங்கல். ஆனால் ஸ்டீயரிங்கில் அவர்களுக்கு வேண்டிய உணர்வு அதில்தான் கிடைத்ததாம். யோசித்துப் பாருங்கள், 2012இல் எங்கள் கார் துள்ளும், அவர்கள் கார் நிதானம் என்று விற்பனைப் பிரிவுகள் சொன்னது பெரும்பாலும் பேச்சு. பத்து வருடம் கழித்து அந்தப் பேச்சை மெய்யாக்க ஓட்டா தொழிற்சாலை இரண்டு வகை நக்கிளை ஸ்டாக் வைத்துக்கொள்கிறது. உற்பத்திப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவர் அன்றைக்கு என்ன திட்டு திட்டியிருப்பார்!

விற்பனையிலும் கோடு இப்போது கெட்டியாகிவிட்டது. அமெரிக்காவில் 2022 மாடல் ஜிஆர்86 ஆரம்ப விலை 27,700 டாலராகவும் பிஆர்இசட் 27,995 ஆகவும் இருந்தது. வெறும் 295 டாலர். விலையால் பிரிக்கும் நோக்கமே இல்லை என்று தெரிந்தது. டொயோட்டா தன் வாடிக்கையாளருக்கு நாசா என்கிற அமெச்சூர் பந்தயச் சங்கத்தில் (ராக்கெட் விடும் நாசா இல்லை) ஒரு வருட உறுப்பினர் உரிமையும், பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்டும் வாய்ப்பும் இலவசமாகக் கொடுத்தது. சுபாரு கொடுத்த பெருமைக்குரிய அம்சம் ஐசைட், முன்னால் இருப்பதைப் பார்த்துத் தானே பிரேக் போடும் பாதுகாப்பு ஏற்பாடு. ஒரே காரை வைத்துக்கொண்டு ஒருவர் போய் வேகமாக ஓட்டு என்கிறார், மற்றவர் பத்திரமாக வீடு திரும்பு என்கிறார். இருவருமே உண்மையாகத்தான் சொல்கிறார்கள். ஐரோப்பாவில் இரண்டாம் பிஆர்இசட் போகவே இல்லை. ஜிஆர்86 மட்டும் குறைந்த எண்ணிக்கையில் போனது, பிரிட்டனில் முதல் ஒதுக்கீடு 90 நிமிடத்தில் தீர்ந்தது. பிறகு ஐரோப்பாவில் பாதுகாப்பு விதிகள் கடுமையாகி, 2024இல் அதுவும் நின்றது.

பந்தயத்தில் கூத்து இன்னும் பெரிது. ஜப்பானின் சூப்பர் ஜிடி பந்தயத்தில் சுபாரு ஓட்டிய பிஆர்இசட்டில் இருந்தது கடைக்காரின் இன்ஜினே அல்ல, ரேலி காலத்து இஜே20 டர்போ. 2021இல் ஜிடி300 பிரிவு பட்டமும் வாங்கியது. ரசிகர்கள் கேட்ட டர்போ பிஆர்இசட்டைச் சுபாரு செய்துதான் வைத்திருந்தது, விற்கத்தான் இல்லை. 2022இலிருந்து சூப்பர் தைக்யூ தொடரில் ஜிஆர்86உம் பிஆர்இசட்டும் கரிம சமநிலை எரிபொருளில் நேருக்கு நேர் மோதின. டொயோட்டா அதற்கென ஜிஆர் யாரிஸின் மூன்று சிலிண்டர் இன்ஜினைச் சிறிதாக்கிப் பொருத்தியது; சுபாரு தன் 2.4 பாக்ஸரிலேயே ஓடியது. கூட்டாளிகள் என்று சொன்னால் யாரும் கைதட்ட மாட்டார்கள், எதிரிகள் என்றால் மைதானம் நிரம்பும் என்பது பத்து வருடத்தில் இருவருக்கும் புரிந்துவிட்டது.

எதை எடுப்பாய் என்று கேட்பீர்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் வாசகர்கள் இரண்டையும் தெருவிலேயே பார்த்திருப்பார்கள், அவர்களுக்கு என்னைவிட உரிமை அதிகம். என் பதில்: பிஆர்இசட், மேனுவல் கியர், நீல நிறம். டொயோட்டாவின் கதை அருமையானது. அதனாலேயே அந்தக் காரை வாங்கினால் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் டோஃபு பற்றிக் கேட்பார். எனக்குச் சும்மா ஓட்டினால் போதும்.